‘ஓகே’ என்றால் ‘நல்லது’ என்று அர்த்தமா?

இரவெல்லாம் உட்கார்ந்து ஓர் அறிக்கை தயாரித்து மேலதிகாரிக்கு அனுப்புகிறீர்கள். ‘ஓகே’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது. அவருக்குப் பிடித்துவிட்டதா? முழுக்கப் படித்தாரா? அடுத்த ஆளுக்கு அனுப்பச் சொல்கிறாரா? இல்லை, ‘மெயில் வந்து சேர்ந்தது, அப்புறம் பார்க்கிறேன்’ என்கிறாரா? அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் யோசித்தாலும் விடை கிடைக்காது.

ஆங்கிலத்தில் வேறு ஒரு வார்த்தைகூடத் தெரியாதவருக்கும் ஓகே தெரியும். அதனாலேயே இதற்கு யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. புரட்டியிருந்தால் ஒன்று பிடிபட்டிருக்கும்: இது பாராட்டுச் சொல் இல்லை. ‘குறை ஒன்றும் இல்லை’, ‘தடை இல்லை’, ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்கிற அளவோடு ஓகே நின்றுகொள்கிறது. அதற்கு மேல் உள்ளதெல்லாம் கேட்கிறவர் தாமாக ஏற்றிக்கொள்வது. அந்த ஏற்றிக்கொள்ளல்தான் வம்பு. ஒருமுறை அது ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்ட கதையில் வந்து நின்றது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

கேலியில் பிறந்த சொல்

1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு பிடித்துப்போயிருந்தது. எதை எடுத்தாலும் முதலெழுத்துகளாகச் சுருக்குவது. சுருக்குவதோடு விடாமல், எழுத்தறிவு இல்லாத ஒருவன் எழுதினால் எப்படித் தப்பும் தவறுமாக எழுதுவானோ அப்படி எழுதிவிட்டு, அந்தத் தப்பைச் சுருக்குவது. இன்றைக்கு நாம் மெசேஜில் அடிக்கும் சுருக்கெழுத்துகளுக்கு அவர்கள்தான் பாட்டன்மார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

‘ஆல் ரைட்’ என்பதைக் காதில் விழுகிற மாதிரி, ‘ஆல்’ ஓவிலும் ‘ரைட்’ டபிள்யூவிலும் தொடங்கும்படி தப்பாக எழுதி ஓ.டபிள்யூ. என்று சுருக்கினார்கள். ‘நோ யூஸ்’, அதாவது ‘பயனில்லை’, இதே மாதிரி கேயிலும் ஒய்யிலும் தொடங்கும்படி தப்பாக எழுதப்பட்டு கே.ஒய். ஆனது. ‘எல்லாம் சரி’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஆல் கரெக்ட்’. ஒழுங்காகச் சுருக்கினால் ஏ.சி. என்றுதான் வரவேண்டும். அதையே ‘ஓல் கொரெக்ட்’ என்று கொச்சையாக எழுதினால் ஓ.கே.

1839 மார்ச் 23ஆம் தேதி ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் ஓ.கே. அச்சில் வந்தது. நமக்குத் தெரிந்தவரை அதுதான் முதல் தடவை. விஷயமும் ஒன்றும் பெரிதில்லை. ‘மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தின் பயணத்தைப் பற்றி வேறொரு ஊர்ப் பத்திரிகை ஏதோ எழுதிவிட, அதற்குப் பதிலடியாக இவர்கள் போட்ட நையாண்டிக் குறிப்பு அது. அதன் நடுவில் ஓ.கே. என்று எழுதி, கையோடு ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். விளக்கம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அன்றைக்கு அது வாசகர்களுக்குப் புதிது என்று தெரிகிறது.

அந்தக் காலத்துச் சுருக்கங்கள் அத்தனையும் சில வருடங்களில் வாடிப்போயின. ஓ.கே. மட்டும் தப்பித்தது. அதற்குக் காரணம் ஒரு தேர்தல். 1840இல் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாவது தடவையாக நின்றார். அவருடைய சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிண்டர்ஹூக். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று அவருக்குச் செல்லப்பெயர். அதன் முதலெழுத்துகளும் ஓ.கே. தானே? ஆதரவாளர்கள் விடுவார்களா! ஓ.கே. கிளப் என்று ஆரம்பித்து, கூட்டங்களில் முழங்கினார்கள். எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. அவருக்கு முன்பு அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கோப்புகளில் ‘எல்லாம் சரி’ என்று எழுதத் தெரியாமல் ஓ.கே. என்று கிறுக்குவார் என்று கதை கட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் மாறிமாறி இழுத்ததில் சொல் நாடு முழுக்கப் பரவியது. வான் பியூரன் அந்தத் தேர்தலில் தோற்றார். சொல் ஜெயித்தது.

பிறகு தந்தி வந்தது. கம்பியின் அந்த முனையில் இருப்பவருக்கு ‘நீ அனுப்பியது வந்து சேர்ந்தது’ என்று சுருக்கமாகத் தெரிவிக்க இரண்டே எழுத்துள்ள ஒரு சொல் கைவசம் இருந்தால் யார்தான் விடுவார்கள்? தந்தி ஊழியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில்தான் ஓகேயின் இன்றைய குணம் உறுதிப்பட்டது என்பது என் எண்ணம். தந்தி அடிப்பவருக்குச் செய்தி நல்லதா கெட்டதா என்பது கவலை இல்லை. எழுத்துப் பிசகாமல் வந்ததா என்பதுதான் கவலை. சாவுச் செய்திக்கும் ஓகே, கல்யாணச் செய்திக்கும் ஓகே.

இந்த வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறந்தே போயிருந்தது. ஆளாளுக்கு ஒரு மூலம் சொன்னார்கள். சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. அதை நம்பிய அதிபர் உட்ரோ வில்சன் கோப்புகளில் கடைசிவரை வேறு எழுத்துக்கூட்டலில்தான் எழுதிவந்தார். ‘எல்லாம் நலம்’ என்று பொருள்படும் கிரேக்கத் தொடர் ‘ஓலா கலா’ என்று ஒரு கட்சி. மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைக் கைகாட்டியவர்களும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய நாளிதழ்களைக் குடைந்து எடுத்து, 1963இலும் 1964இலும் வரிசையாகக் கட்டுரைகள் எழுதிய பிறகுதான் பாஸ்டன் கதை நிலைபெற்றது. மற்ற கதைகள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒலி ஒத்துப்போகிறது என்பதைத் தவிர அவற்றுக்குப் பெரிய சான்று கிடையாது.

குறை இல்லை என்பது எப்போது போதும், எப்போது போதாது?

இப்போது பொருளுக்கு வருவோம். இந்த இரண்டு பேச்சையும் பாருங்கள்.

“படிக்கட்டில் வழுக்கி விழுந்தாயாமே, இப்போது எப்படி இருக்கிறாய்?”
“ஓகே.”

“நான் எழுதிய கவிதை எப்படி இருந்தது?”
“ஓகே.”

முதல் பதிலைக் கேட்டால் மனசு லேசாகிறது. இரண்டாவதைக் கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. சொல் மாறவில்லை, அதன் பொருளும் மாறவில்லை. இரண்டு இடத்திலும் அது சொல்வது ‘குறையாகச் சொல்ல ஒன்றும் இல்லை’ என்பதைத்தான். விழுந்தவரிடம் நாம் எதிர்பார்ப்பது அடிபடாமல் இருக்கவேண்டும் என்பது மட்டுமே. ஆகவே குறை இல்லை என்பதே முழு நல்ல செய்தி. கவிதை எழுதியவர் குறை இல்லாததை எதிர்பார்த்துக் கேட்கவில்லை, நிறையைக் கேட்கிறார். அங்கே போய்க் ‘குறை இல்லை’ என்றால், சொல்வதற்கு நிறையும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஓகேயின் பெரும்பாலான புதிர்கள் அவிழ்ந்துவிடும். உடல்நிலை, பாதுகாப்பு, இயந்திரம், இணைப்பு, நேரம் மாதிரியான விஷயங்களில் ஓகே என்பது முழு மதிப்பெண். பரிசு, படம், சமையல், பாட்டு, தேர்வு எழுதிய விதம், இப்படி ரசனையும் தரமும் சார்ந்தவற்றில் அது தேர்ச்சி மதிப்பெண்தான். நண்பர் ஆசையாகக் காட்டும் புதுச் சட்டையைப் பார்த்து ‘ஓகே’ என்பவர் உண்மையில் ‘பரவாயில்லை’ என்கிறார். சட்டைக்காரருக்கு அது நன்றாகவே புரியும்.

ஓகேவுக்கு முன்னால் ‘வெரி’ போட்டால் ஆங்கிலக் காதுக்கு இடிப்பதும் இதனால்தான். குறை இல்லை என்றால் இல்லை. ‘மிகவும் இல்லை’ என்று ஒன்று கிடையாது. ‘பெர்ஃபெக்ட்லி ஓகே’ என்று சொல்லலாம், துளிக் குறையும் இல்லை என்று பொருள். ‘மோர் தேன் ஓகே’ என்று சொல்லலாம், எதிர்பார்ப்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். ‘ஜஸ்ட் ஓகே’ என்றால் ஏதோ தேறியது. ‘வெரி ஓகே’ மட்டும் ஒட்டாது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. நமக்குச் ‘சரி’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. “நாளைக்கு வருகிறாயா?” “சரி.” இங்கே அது சம்மதம். “ஏழெட்டு ஐம்பத்தாறு சரியா?” “சரி.” இங்கே அது பிழையில்லை என்ற தீர்ப்பு. முதல் வேலைக்கு ஓகே கச்சிதமாகப் பொருந்துவதால், இரண்டாவதற்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். மாணவனின் கணக்கைத் திருத்திவிட்டு ‘யுவர் ஆன்சர் இஸ் ஓகே’ என்றால், ஆங்கிலத்தில் வளர்ந்த மாணவன் ‘அப்படியானால் முழுக்கச் சரியில்லை போல’ என்று சந்தேகத்தோடு தாளைப் புரட்டுவான். அங்கே வேண்டியது கரெக்ட் அல்லது ரைட். ‘எல்லாம் கரெக்ட்’ என்பதிலிருந்து பிறந்த சொல்லுக்கு இன்றைக்குக் கரெக்ட் என்ற பொருள் அவ்வளவாக இல்லை. சொற்களின் தலையெழுத்து அப்படி.

வாக்கியத்தில் எங்கே உட்காரும்?

பெயர், வினை, உரிச்சொல், இடைச்சொல் என்று எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரும் சொல் இது. எல்லாவற்றையும் அட்டவணை போட்டுக் காட்டுவதால் லாபம் இல்லை. தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தமிழில் ‘மேனேஜர் திட்டத்தை ஓகே பண்ணிவிட்டார்’ என்கிறோம். ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்று பொருள். அந்தப் ‘பண்ணு’வை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ‘ஹீ டிட் ஓகே’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும்: அவர் ஏதோ சுமாராகச் செய்து முடித்தார் என்று ஆகும். ஒப்புதல் கொடுத்ததைச் சொல்ல ஆங்கிலத்தில் ஓகே தானே வினையாகிவிடுகிறது, ‘ஹீ ஓகேட் தி பிளான்’ என்று. அல்லது ‘கேவ் தி ஓகே’ என்று பெயராக வைத்துச் சொல்லலாம்.

‘ஓகே வித்’ என்ற சேர்க்கையையும் கவனிக்க வேண்டும். ‘ஐ ஆம் ஓகே வித் தட்’ என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம். ஆசையாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சனிக்கிழமை வேலைக்கு வரச்சொன்னால் ஒருவர் இப்படிப் பதில் சொல்லலாம். அவர் சனிக்கிழமைக்காக ஏங்கிக்கொண்டிருந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஓகே ஃபார்’ வேறு கதை. ‘ஆர் யூ ஓகே ஃபார் டைம்?’ என்று கேட்டால் ‘நேரம் போதுமா, அவசரம் ஒன்றும் இல்லையே?’ என்று விசாரிக்கிறார்கள். அனுமதி கேட்க ‘இஸ் இட் ஓகே இஃப் ஐ…’ என்று தொடங்குவது பதமான முறை. ‘நான் இங்கே உட்காரட்டுமா, உங்களுக்கு ஒன்றும் இல்லையே?’ என்கிற தொனி அதில் இருக்கிறது.

வாக்கியத்தின் வாலில் வரும் ஓகே கொஞ்சம் ஆபத்தானது. ‘டோன்ட் பீ லேட், ஓகே?’ என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். சக ஊழியரிடம் சொன்னால், அவருக்குப் புரிந்ததா என்று வாத்தியார் சோதிக்கிற மாதிரி இருக்கும். மேலதிகாரியிடம் சொல்லவே வேண்டாம்.

பேச்சுக்குக் கதவு

இவ்வளவு நேரம் பார்த்தது பொருள் உள்ள ஓகே. பேச்சில் வரும் ஓகேகளில் நிறையவற்றுக்கு இப்படிப் பொருள் சொல்லவே முடியாது. அவை பேச்சை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகின்றன. ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்து மேசையில் புத்தகத்தை வைத்துவிட்டு ‘ஓகே’ என்கிறார். யாருக்கும் எதற்கும் அவர் சம்மதம் சொல்லவில்லை. அரட்டை முடிந்தது, பாடம் தொடங்குகிறது என்று தெரிவிக்கிறார். நாம் “சரி, அப்புறம்?” என்று இழுப்பதும் அதே வேலைதான்.

தொலைபேசியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. ஆனால் பட்டென்று வைத்துவிட முடியாது, மரியாதை இல்லை. “ஓகே…” என்கிறார் ஒருவர். சேர்த்துச் சொல்ல வேறு ஏதாவது இருந்தால் மற்றவர் இப்போதே சொல்லிவிட வேண்டும். அவரும் “ஓகே” என்றால் இருவரிடமும் சரக்கு தீர்ந்தது என்று பொருள். அப்புறம்தான் ‘பை’. பேச்சு ஆய்வாளர்களான இமானுவேல் ஷெக்லாஃபும் ஹார்வி சாக்ஸும் 1973இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை இந்தச் சடங்கைத்தான் பிரித்து மேய்கிறது. அடுத்த தடவை போனை வைக்கும்போது உங்கள் வாயையே கவனித்துப் பாருங்கள், தப்பாமல் நடக்கும்.

1969 ஜூலை 20ஆம் தேதி அப்போலோ 11இன் ஈகிள் கலம் நிலவில் இறங்கிய கணத்தின் ஒலிப்பதிவிலும் இந்த ஓகே இருக்கிறது. கலத்தின் காலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த உணர்கம்பி தரையைத் தொட்டதும் பஸ் ஆல்ட்ரின் ‘கான்டாக்ட் லைட்’ என்கிறார். நீல் ஆம்ஸ்ட்ராங் ‘ஷட்டவுன்’ என்கிறார். உடனே ஆல்ட்ரின் ‘ஓகே, எஞ்சின் ஸ்டாப்’ என்று பட்டியலின் அடுத்த வரிக்குப் போகிறார். மனித குலத்தின் மகத்தான சாதனையைப் பற்றிய கருத்து எதுவும் அந்த ஓகேயில் கிடையாது. ஒரு வேலை முடிந்தது, அடுத்ததைப் பார்.

தொனியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குரல் இறங்கினால் முடிவு, ஏறினால் கேள்வி. ‘ஓ…கே…’ என்று இழுத்தால் ‘நீ சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்’ என்பது செய்தி. ‘ஓகே, பட்…’ என்று ஆரம்பித்தால் மறுப்பு வரப்போகிறது என்று தயாராகிக்கொள்ளலாம். 2019இல் இளைஞர்கள் மத்தியில், ‘பூமர்’ எனப்படும் மூத்த தலைமுறைக்காரர்களின் வாயை அடைக்க ‘ஓகே பூமர்’ என்ற தொடர் பரவியது. அந்த வருடம் நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் க்ளோயி ஸ்வார்ப்ரிக் பேசிக்கொண்டிருந்தபோது இன்னொரு உறுப்பினர் குறுக்கிட, இந்த இரண்டே சொல்லில் அவரை ஒதுக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். ‘கேட்டாச்சு, நகருங்கள்’ என்பதைச் சம்மதச் சொல்லை வைத்தே சொல்லிவிட்டார்.

டெனரீஃப் ஓடுபாதையில்

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் கிரான் கனேரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே போகவேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரீஃபுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்த லாஸ் ரோடியோஸ் சிறிய நிலையம், ஒரே ஓடுபாதை. நிறுத்த இடம் இல்லாமல் விமானங்கள் நெருக்கியடித்து நின்றன. பனிமூட்டம் வேறு இறங்கியது. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனைக்குப் போய்த் திரும்பி நின்றது. பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதே ஓடுபாதையில் அதன் எதிரே மெதுவாக வந்துகொண்டிருந்தது. பனியில் ஒன்றுக்கு ஒன்று தெரியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இரண்டுமே தெரியவில்லை.

புறப்பட்ட பிறகு எந்த வழியில் போகவேண்டும் என்ற விவரத்தைக் கோபுரம் கேஎல்எம் விமானத்துக்குச் சொன்னது. அது புறப்படுவதற்கான அனுமதி இல்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்று முடித்தார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் கொள்ளலாம், புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். அதற்குக் கோபுரத்திலிருந்தவர் சொன்ன முதல் சொல் ‘ஓகே’.

ஒரு சின்ன இடைவெளி விட்டு அவர் தொடர்ந்து சொன்னது: புறப்பாட்டுக்குக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன். அதே நொடியில் பான் ஆம் விமானியும் ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்’ என்று பதறிச் சொன்னார். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதால் கேஎல்எம் விமானிகளின் காதில் இரண்டுமே தெளிவாக விழவில்லை, கீச்சொலிதான் கேட்டது. தெளிவாக விழுந்தது அந்த ‘ஓகே’ மட்டும்.

583 பேர் இறந்தார்கள். பிழைத்த 61 பேரும் பான் ஆம் விமானத்தில் இருந்தவர்கள்.

ஒரு சொல்தான் விபத்துக்குக் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. கேஎல்எம் விமானம் அந்த ஓகேவுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. பனி, நெருக்கடி, நேரமாகிறதே என்ற பதற்றம் எல்லாம் சேர்ந்த விபத்து அது. ஆனால் நிறுத்தியிருக்கக்கூடிய அந்தச் சில நொடிகளில் காதில் விழுந்தது ஓகே. கோபுரத்திலிருந்தவர் ‘நீ சொன்னது கேட்டது’ என்ற பொருளில் சொல்லியிருக்கலாம். விமானியின் காதில் அது ‘போகலாம்’ ஆகியிருக்கலாம். இரண்டுமே ஓகேவுக்கு இயல்பான பொருள்கள்தான், அதுதான் கொடுமை.

வானொலிப் பேச்சில் இந்த இரண்டையும் பிரித்து வைக்கத்தான் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுக்க வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், அதில் சம்மதம் இல்லை. ‘வில்கோ’ என்றால் புரிந்தது, அப்படியே செய்கிறேன். ‘அஃபர்ம்’ என்றால் ஆமாம். டெனரீஃப் விபத்துக்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகின. முக்கியமான அறிவுறுத்தலுக்கு ரோஜர், ஓகே என்று தலையாட்டினால் போதாது, அதன் சாரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை உண்மையான புறப்பாட்டு அனுமதியின்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் எடுக்க வேண்டும்; மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’.

ஆழ்கடலில் முக்குளிப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு. தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவார்கள். அது கேள்வியும்கூட, பதிலும்கூட, ‘ஓகேவா?’ என்று ஒருவர் காட்டினால், நன்றாக இருக்கும் இன்னொருவர் அதையே காட்ட வேண்டும். பதில் வரவில்லை என்றால் ஏதோ சிக்கல் என்று நெருங்கிப் பார்ப்பார்கள். கரையில் பழகிய பழக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். கூட வந்தவர் கிளம்பிவிடுவார். அந்த விரல் வளையத்தையும் எல்லா ஊரிலும் காட்டிவிட முடியாது. ஜப்பானில் அது பணத்தைக் குறிக்கலாம், பிரான்சில் பூஜ்யத்தை. பிரேசிலில் காட்டினால் அடிக்க வருவார்கள், அங்கே அது ஆபாசம்.

பொத்தானில் எழுதிய ஓகே

கணினித் திரையில் தினமும் அழுத்துகிறோமே, அந்த ஓகே பொத்தானுக்கும் ஒரு கதை உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1983இல் வெளியிட்ட லிசா கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், பொத்தானில் முதலில் ‘டூ இட்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ‘செய்’ என்று பொருள். சோதனைக்காக வந்து உட்கார்ந்தவர்களில் சிலர் அதை அழுத்தாமல் தயங்கினார்கள். ஒருவருக்கு எரிச்சலே வந்துவிட்டது. விசாரித்தால், இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளி திரையில் சரியாகத் தெரியாமல், எழுத்துகள் ஒட்டி ‘டோல்ட்’ என்று படித்திருக்கிறார். ஆங்கிலத்தில் டோல்ட் என்றால் மடையன். ‘என்னை ஏன் மடையன் என்கிறது இந்த மெஷின்?’ என்ற கோபம் நியாயம்தானே. பேச்சு வழக்காக இருக்கிறதே என்று முன்பு ஒதுக்கி வைத்திருந்த ஓகேயைத் தூசி தட்டி எடுத்து மாட்டினார்கள்.

‘கோப்பு அழிந்துவிட்டது’ என்று திரையில் செய்தி வரும், அதன் கீழே ஒரே ஒரு பொத்தான், ஓகே. எது ஓகே? ஒன்றும் ஓகே இல்லை! ஆனாலும் அதை அழுத்தத்தான் வேண்டும். தந்தி ஊழியரின் ஓகே அது: செய்தி கிடைத்தது. ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கும்போது சர்வர் உங்கள் உலாவிக்குத் திரைமறைவில் சொல்லும் ‘200 ஓகே’யும் இதே இனம்தான். கேட்ட கோரிக்கை நல்லபடி முடிந்தது என்று தெரிவிக்கிறதே தவிர, பக்கத்தில் இருப்பது உண்மையா பொய்யா என்பது அதன் கவலை இல்லை.

கைப்பேசிக்கு வந்தால் நிலவரமே வேறு. அங்கே ஓகேவுக்குக் குரல் கிடையாது, முகம் கிடையாது. ஆகவே படிக்கிறவர் எழுத்தின் நீளத்திலும் புள்ளியிலும் தொனியைத் தேடுகிறார். ‘ஓகே’ என்று முழுசாக அடித்தால் சாந்தம். வெறும் ‘கே’ என்று ஒற்றை எழுத்தில் வந்தால் ‘கோபமோ?’ என்று சந்தேகம். பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் செய்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்த குறுஞ்செய்தியை, புள்ளி இல்லாததைவிட மனசில்லாமல் சொன்ன பதிலாகப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. இலக்கணப்படி சரியாகப் புள்ளி வைத்தவர் பாவம், கோபக்காரர் பட்டம் வாங்கிக்கொள்கிறார்.

அலுவலக மெயிலில் என் வழக்கம் என்னவென்றால், ஓகேவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் சேர்த்துவிடுவது. ‘ஓகே, பார்த்துவிட்டேன்’, ‘ஓகே, அனுப்பிவிடுங்கள்’, ‘ஓகே, வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்’. தட்டச்சு செய்ய மூன்று நொடி ஆகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு மதியம் மிச்சமாகிறது. மாறாக, உங்களுக்கு ஒற்றை ஓகே வந்தால் ‘அப்படியானால் இன்றே அனுப்பிவிடுகிறேன்’ என்று நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பி எழுதிவிடலாம். விமானிகள் செய்வதும் அதுதான்.

எழுத்துக்கூட்டலில் எது சரி என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பெரிய எழுத்தாகவும் எழுதலாம், நான்கு எழுத்தாக நீட்டியும் எழுதலாம், இரண்டும் ஒரே சொல்தான். அமெரிக்கச் செய்தி நிறுவனமான ஏபி தன் செய்தியாளர்களை இரண்டெழுத்து வடிவத்தைத்தான் எழுதச் சொல்கிறது. கதை எழுதுகிறவர்களில் பலர் நான்கெழுத்தை விரும்புகிறார்கள், உரையாடலுக்கு நடுவில் பெரிய எழுத்து துருத்திக்கொண்டு நிற்காது என்பதால். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆங்கிலம் பேசும் வீட்டுக்குப் போனவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று பாக்கி. “குடிக்கத் தண்ணீர் தரட்டுமா?” என்று கேட்கிறார்கள். சம்மதம் சொல்வதாக நினைத்து “ஐ ஆம் ஓகே” என்கிறீர்கள். அவர்கள் புன்னகைத்துவிட்டுப் போய்விடுவார்கள், தண்ணீர் வராது. ‘எனக்கு ஒன்றும் குறை இல்லை, இப்படியே இருக்கிறேன்’ என்று நீங்கள் நாசூக்காக மறுத்துவிட்டதாக அர்த்தம். தாகமாக இருந்தால் ‘யெஸ், ப்ளீஸ்’ என்று சொல்ல வேண்டும்.